மரணத்தைப் பார்த்துப் பயந்தால் நர்சிங் படிப்பை நிறுத்திவிடலாமா?

மூன்றாமாண்டு நர்சிங் படிக்கும் மகள், வார்டில் ஒருவர் இறப்பதைப் பார்த்த பிறகு "இது எனக்கு ஒத்துவராது" என்கிறாள், படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அவள் சொல்வது மனசு பலவீனம் என்பதைவிடப் பயிற்சிக் குறை என்பதே பொருத்தம். பட்டம் வாங்கிப் பணியில் இருக்கும் டாக்டர்களும் நர்சுகளும்கூட, இறுதிக்கட்ட நோயாளியைக் கவனிக்கத் தங்களைச் சரியாகத் தயார்படுத்தவில்லை என்று பல நாடுகளில் சொல்கிறார்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சை, அதாவது கடும் நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு, தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு அது சொல்லும் காரணங்களில் பணியாளர்களின் பயிற்சியின்மையும் ஒன்று. இந்தச் சிகிச்சையைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று, அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை 2014இல் தீர்மானமே போட்டது.

முதலில் அவளிடம் "எதற்குப் பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பயம் மரணத்தின் மேல் இருக்காது. "நான் பிழைப்பேனா சிஸ்டர்?" என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வது என்பதில்தான் இருக்கும்.

அந்தக் கேள்வி டாக்டரைவிட நர்சிடம்தான் அதிகம் வரும், அதுவும் இரவு டியூட்டியில். ஆனால் நோயின் போக்கைச் சொல்லும் பொறுப்பு பொதுவாக டாக்டருடையது. இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு, "அதெல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நோயாளி அதற்குமேல் வாயைத் திறப்பதில்லை. மாறாக, பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் இப்போ அப்படித் தோணுது? உடம்புல ஏதாவது மாற்றம் தெரியுதா?" என்று கேட்க வேண்டும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதி டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கெட்ட செய்தி சொல்வதற்கு 2000இல் வெளியான 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறை இருக்கிறது. தனிமையான இடம் பார்ப்பது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அறிவது, செய்தியைச் சொல்வது, அவர் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. மூன்றாவது படியைத் தாண்டிக் குதிப்பதும், ஐந்தாவதில் வரும் மௌனத்தைத் தாங்காமல் மருந்துக் கணக்கு பேசத் தொடங்குவதும்தான் வழக்கமான தவறுகள். வெறுமனே படித்தால் இந்த முறை கைவராது. தோழி ஒருத்தி நோயாளியாக நடிக்க, ஆசிரியர் பார்த்துத் திருத்த, வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும்.

இன்னொரு பயம், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து. "நான் போட்ட ஊசியால்தான் போய்விட்டாரோ" என்று கலங்குபவர்கள் உண்டு. வலிக்கேற்பப் படிப்படியாகக் கூட்டிய அளவு மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. கணக்கு தெரிந்தால் கலக்கம் குறையும். இடையில் திடீரென எழும் வலிக்குக் கொடுப்பது, வழக்கமாக 24 மணி நேர மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு வரை. நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வாய்வழி எடுப்பவருக்கு அது 10 மில்லிகிராம். தோலடி ஊசிக்கு மாற்றினால் வாய்வழி அளவில் பாதி. மார்ஃபின் மலச்சிக்கல் தரும் என்பதால் கூடவே மலமிளக்கி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடிக்கடி விட்டுப்போவது அதுதான். சிறுநீரகம் பழுதானவர்களிடம் மருந்து தேங்கும். மிதமிஞ்சிய தூக்கம், கைகால் வெட்டி இழுப்பது, மூச்சு மந்தமாவது தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடைசி நாட்களின் அடையாளங்களையும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு வேகமெடுத்து, அடங்கி, சில நொடி நின்று மறுபடி தொடங்கும். கைகால் குளிர்ந்து தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். மூச்சுத் திணறுகிறது என்று குடும்பம் பதறும், பழகாத நர்ஸ், குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்க, ஆழமாக சக்‌ஷன் போடுவாள். அதில் தொந்தரவுதான் அதிகம். ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பல நேரம் சத்தம் குறையும். சாப்பாடு இறங்கவில்லை, டிரிப் போடுங்கள் என்பார்கள். அந்தக் கட்டத்தில் உடலின் தேவையே குறைந்துவிடும், அதிகத் திரவம் வீக்கத்தையும் சளியையும் கூட்டலாம். வாயையும் உதட்டையும் அடிக்கடி நனைப்பது பலன் தரும். அதைக் குடும்பத்தாரையே செய்யச் சொன்னால் அவர்கள் பதற்றமும் தணியும்.

டாக்டர்களின் சிக்கல் வேறு. சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது, இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று சொல்வது. அதை டாக்டரே சொல்லாமல் தள்ளிப்போட்டால், சுமை நர்ஸ் தலையில் விழும்.

ஒரு எச்சரிக்கை. "நான் தயார்" என்று ஒருவர் உணர்வதும் உண்மையில் தயாராக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டு நாள் வகுப்புக்குப் பிறகு கேள்வித்தாளில் மதிப்பெண் ஏறும், படுக்கையருகே நடப்பது அதில் தெரியாது. எனவே சான்றிதழ் சேர்ப்பதைவிட, நோய்த்தணிப்புப் பிரிவிலோ, இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸிலோ இரண்டு வாரமாவது போஸ்டிங் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இறந்தவரின் உடலைச் சுத்தம் செய்யும் பணியை முதல் முறை அனுபவமுள்ள நர்ஸுடன் சேர்ந்தே செய்யட்டும்.

வீட்டில் அண்மையில் யாராவது இறந்திருந்தாலோ, வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்தாலோ, அந்தப் போஸ்டிங்கைத் தள்ளிப்போட்டு மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. துறை மாற்றுவது பற்றி அதன்பின் யோசிக்கலாம். ஆனால் பிரசவ வார்டு உட்பட, மரணமே எட்டிப் பார்க்காத வார்டு கிடையாது.

வேலைக்கு நேர்காணல் போகும்போது அவளும் சில கேள்விகள் கேட்கட்டும்: இரவில் முடிவெடுக்க எந்த டாக்டரை அழைக்கலாம்? அவசரத்துக்கான வலி மருந்துகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுமா? ஒரு மரணத்துக்குப் பிறகு குழுவாக உட்கார்ந்து பேசும் வழக்கம் உண்டா? புதியவரோடு எத்தனை வாரம் மூத்த நர்ஸ் இருப்பார்? மழுப்பலான பதில் வந்தால், சம்பளம் கூடுதல் என்றாலும் அந்த இடத்தை முதல் வேலையாக எடுக்க வேண்டாம்.