கோஸ்ட் கார்டு ஆவணம் இருந்தாலும் ஃபுளோரிடா பதிவு வேண்டுமா?

நீங்கள் வாங்கிய 32 அடி பாய்மரப் படகுக்குத்தான் ஏற்கெனவே கோஸ்ட் கார்டு ஆவணம் (அமெரிக்கக் கடலோரக் காவல்படை தரும் தேசியப் பதிவு) இருக்கிறதே, ஃபுளோரிடாவுக்கும் எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அழுதுதான் ஆக வேண்டும். அங்கே ஓட்டுகிறீர்கள் என்றால் கவுன்டி வரி அலுவலகத்தில் பதிந்து ஸ்டிக்கர் ஒட்டணும். முன்பக்கம் 'எஃப்எல்' என்று தொடங்கும் மாநிலப் பதிவு எண்ணை எழுத வேண்டியதில்லை, அது மட்டும்தான் உங்களுக்கு மிச்சம்.

அதைவிட முக்கியம், விற்றவர் பெயரிலுள்ள கோஸ்ட் கார்டு சான்றிதழ் படகு கைமாறியதுமே செல்லாது, அதனால் விற்பனைப் பத்திரத்தோடு சிஜி-1258 என்ற விண்ணப்பப் படிவத்தை உடனே கோஸ்ட் கார்டுக்கு அனுப்புங்கள். நீங்கள் அமெரிக்கக் குடிமகன்தானே? கிரீன் கார்டு என்றால் கோஸ்ட் கார்டு ஆவணமே கிடையாது, மாநில டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) எண்ணும்தான்.

அப்புறம், படகின் உள்ளே உடற்சட்டகத்தில் குறைந்தது 3 அங்குல உயரத்தில் பொறித்திருக்கும் அலுவல் எண்ணை (கோஸ்ட் கார்டு கொடுத்தது)ப் பெயின்ட் அடிக்கிறவர் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே படகின் பெயரும் அதன் ஊரும் குறைந்தது 4 அங்குல உயரத்தில் இருக்கணும். பின்னால் கட்டி இழுக்கும் ரப்பர் படகில் மோட்டார் இருந்தால் அதற்குத் தனிப் பதிவு, பெரிய படகின் ஆவணம் அதற்குச் சேராது. பலரும் அபராதம் கட்டுவது இதில்தான்.

கோஸ்ட் கார்டு ஆவணத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒன்று தபாலில் வந்தால், பணம் அனுப்பும் முன் யார் அனுப்பியது என்று பாருங்கள். இடைத்தரகர்கள் கூடுதலாகக் கறந்துவிடுவார்கள்.