கூந்தன்குளம் பாட்டு: எங்கே இடறுகிறது?

டீச்சர், திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் பற்றிய பறவைப் பாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் வரியிலேயே ஏன் இடறுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சீர்தான் உதைக்கிறது. முதல் வரியில் மூன்று சீர், மூன்றாவதில் ஐந்து. எல்லா வரிக்கும் மூன்றே சீர் வையுங்கள். எட்டு வரி தாராளம். எதுகையை ஈரடிக்கு ஒருமுறை மாற்றலாம். பதினாறு வரிக்கும் ஒரே எதுகையை இழுத்ததால்தான் 'விஞ்சை' மாதிரி அகராதிச் சொல் நுழைந்துவிட்டது.

இன்னொன்று, பாட்டில் வருகிற மாதிரி வரித்தலை வாத்து புளியமரத்தில் கூடு கட்டாது. அது பனிக்காலத்துக்கு மட்டும் வரும் விருந்தாளி. முட்டையிடுவது திபெத், மங்கோலியா பக்கம், பெரும்பாலும் தரையில். இங்கே ஊருக்குள் மரத்தில் கூடு வைப்பது மஞ்சள் மூக்கு நாரை. வளர்ந்த நாரை அவ்வளவாகக் கத்தாது, அலகைத்தான் தட்டும், சத்தமெல்லாம் குஞ்சுகளுடையது. அதனால் பாட்டில் உள்ள 'கூக்கூ'வை எடுத்துவிட்டு இப்படிப் போகலாம்:

மஞ்சள் மூக்கு நாரையாம்
குஞ்சு மூணு கூட்டிலாம்
டக்கு டக்கு அலகிலே
பக்கம் வந்து தட்டுமாம்

சீருக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். நான்காவது தட்டு வெறுமனே விழட்டும். பிள்ளைகள் மூச்சு வாங்குவது அங்கேதான்.