அயர்லாந்தின் பழைய கிராமத் தொழில்கள் வெறும் பொழுதுபோக்குதானா?

"அயர்லாந்து விவசாயிகள் குளிர்காலத்தில் வேலையில்லாமல் பொழுதுபோக்காகச் செய்தவைதானே கூடை முடைதலும் நூல் நூற்றலும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலாக் கடைகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். என் பதில், இல்லை என்பதே. நான் ஆய்வாளன் அல்லன். அயர்லாந்தின் மேற்கிலுள்ள கால்வே பகுதியில் குடியிருக்கும் தமிழன், அவ்வளவுதான். "நேற்று வந்த உனக்கு என்ன தெரியும்?" என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும் என்பதால், கண்ணால் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வில்லோ என்னும் மரத்தின் விளார்களால் முதுகில் சுமக்கும் கூடை முடைவார். இலையுதிர்ந்தபின் வெட்டிச் சில வாரங்கள் வாடவிட்ட விளார்களே அதற்கு ஆகும். பச்சையாக முடைந்தால் காய்ந்து சுருங்கிப் பின்னல் தளர்ந்துவிடும். தடித்த குச்சிகளை மண்ணில் செங்குத்தாக ஊன்றி, கூடையின் வாயிலிருந்து தொடங்கி மேலேறி முடைந்து, கடைசியில் குச்சிகளை வளைத்து அடிப்பாகத்தை மூடுவார். அதாவது, கூடை தலைகீழாகவே உருவாகும். நடுவே ஒரு சுற்று பின்னாமல் விடப்பட்டிருக்கும். அது அழகுக்கன்று, கயிறு கோக்கவும் கைபிடித்துத் தூக்கவும்தான். கழுதையின் இருபுறமும் தொங்கவிடும் கூடைகளில் ஒரு வகைக்கு அடிப்பாகமே கதவுபோல் திறக்கும். எருவும் கடற்பாசியும் வயலில் தாமாகக் கொட்டிவிடும். வெந்த உருளைக்கிழங்கை வடிக்க ஆழமில்லாத கூடை ஒன்று உண்டு. நீர் வடிந்ததும் அதையே மூன்றுகால் இரும்புப் பானையின்மேல் வைத்துக் குடும்பமே சுற்றியமர்ந்து உண்ணும். இவற்றில் பொழுதுபோக்கு எங்கே இருக்கிறது? கூடை மட்டுமன்று, மற்ற வீட்டுத் தொழில்களும் அப்படித்தான்: பெண்கள் கடைந்த வெண்ணெயும் சேர்த்த முட்டையும் கடைக்குப் போய்த்தான் பல வீடுகளுக்குத் தேயிலையும் சர்க்கரையும் வந்தன.

நான் நுழைந்த ஒரு கடையில், இறக்குமதிக் கூடையில் பச்சை ரிப்பன் கட்டிப் "பாரம்பரியம்" என்று விற்றார்கள். பெரியவரின் கூடையை விலை அதிகம் என்று திருப்பியனுப்பியதும் அதே கடைதான். உங்கள் கேள்விக்கு இது தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் இத்தகைய கடைகளால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது என்பது என் கருத்து.

என் சொல்லை நம்பவேண்டியதில்லை. 1937 முதல் 1939 வரை, அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் மாணவர்களை ஊர்ப் பெரியவர்களிடம் அனுப்பிப் பழைய தொழில்களையும் கேட்டெழுத வைத்தது. அந்தக் குறிப்பேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நேரில் காண விரும்பினால், மேயோ மாவட்டத்தில் காசில்பார் நகருக்கு அருகே டர்லோ பார்க்கில் 2001இல் திறக்கப்பட்ட கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள்.