பீட்டில்ஸ் பாட்டு யார் கையில்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாட்டுகளை மைக்கேல் ஜாக்சன் வாங்கிவிட்டார் என்கிறார்களே, இசைத்தட்டுகளும் அவருடையதா?

இல்லை. ஒரு பாட்டுக்கு இரண்டு பதிப்புரிமை உண்டு. வரியும் மெட்டும் ஒன்று, ஸ்டுடியோவில் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. 1985இல் ஜாக்சன் 4.75 கோடி டாலருக்கு வாங்கிய ஏடிவி மியூசிக் என்ற பாடல் பதிப்பு நிறுவனத்திடம் இருந்தது முதல் வகை, அதுவும் குழுவின் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவற்றில் பெரும்பகுதி. ஒலிப்பதிவுகள் இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐ பக்கம்தான் இருந்தன.

கேள்வி: எழுதினவர்கள் கையை விட்டு எப்படிப் போனது?

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது. 1963இல், இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது, நார்தர்ன் சாங்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கிப் பாடல்கள் அதன் பெயருக்குப் போயின. 1965இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது, 1969இல் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தன் பங்கை ஏடிவிக்கு விற்றுவிட, இவர்கள் எவ்வளவு முயன்றும் நிறுவனத்தைக் கைப்பற்ற முடியவில்லை. எழுதியவர்களுக்கான ராயல்டி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பாட்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை போய்விட்டது.

கேள்வி: திரும்பப் பெறவே முடியாதா சார்?

அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. அங்கே 1978க்கு முந்தைய பாட்டு என்றால், பதிப்புரிமை தொடங்கி 56 ஆண்டு ஆனதும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து எழுதியவர் அந்நாட்டு உரிமையைத் திரும்ப எடுக்கலாம். அதே அமெரிக்கச் சட்டத்தின் இதே போன்ற வேறொரு பிரிவில் உரிமை கேட்ட டுரான் டுரான் என்ற இங்கிலாந்து இசைக்குழு, 2016 டிசம்பரில் லண்டன் நீதிமன்றத்தில் தோற்றது, ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டப்படி போட்டது என்பதால். தனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று, அடுத்த மாதமே மெக்கார்ட்னி நியூயார்க்கில், ஏடிவி மியூசிக் பின்னர் சோனியோடு இணைந்து உருவான சோனி ஏடிவி மீது வழக்குப் போட்டார். அந்த ஆண்டே சமரசம் ஆனது, விவரம் வெளியே வரவில்லை.

கேள்வி: ஆப்பிள் பெயர்ச் சண்டை?

அது பதிப்புரிமை இல்லை, டிரேட்மார்க், அதாவது வணிகப் பெயருக்கும் சின்னத்துக்குமான உரிமை. பீட்டில்ஸ் குழு 1968இல் தொடங்கிய ஆப்பிள் நிறுவனம் 1978இல் கணினி ஆப்பிளோடு மோதியது. 2007 ஒப்பந்தத்தில் பெயர் கணினிக்காரர்களுக்குப் போனது, குழு அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறது.

கேள்வி: பழைய ஒலிப்பதிவுகளுக்குக் காலம் முடியாதா?

ஐரோப்பாவில் 50 ஆண்டு என்று இருந்ததை 2013இல் 70 ஆக்கினார்கள், ஆனால் 50 ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் 2013 டிசம்பரில், 1963ஆம் ஆண்டின் 59 பதிவுகளை அவசரமாக ஐடியூன்ஸில் ஏற்றினார்கள். காரணம் எதுவானாலும், பெட்டிக்குள் கிடந்தவை நம் காதுக்கு வந்தனவே.