பத்து நிமிடத்தில் முடிந்த கண்காட்சி

அன்புள்ள ஐயா,

நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பிக்கிறேன். வளாகக் கலைக்கூடத்தில் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்குப் போன மாதம் என் மாணவர்களைக் கூட்டிப்போனேன். ஓவியர் பெயர், ஆண்டு, எதனால் வரைந்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுத ஒரு கேள்வித்தாளும் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்ப் போனை எடுத்துவிட்டார்கள். ஓவியம் படிக்காத பிள்ளைகளுக்கு இதனால் ஏதாவது பயன் உண்டா, இல்லை நான்தான் வீணாக மெனக்கெடுகிறேனா?

ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, அந்தக் கேள்வித்தாள் மேல்தான். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் விடை படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையிலேயே இருக்கிறது. படத்தை நிமிர்ந்து பார்க்காமலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார வைப்பவர். அவரே முதலில் உட்கார்ந்து பார்த்தார். ஜான் சிங்கிள்டன் காப்ளி 1765இல் வரைந்த படம், சங்கிலியில் கட்டிய பறக்கும் அணிலோடு ஒரு பையன். பையனின் காது வளைவும் அணிலின் வயிற்று ரோம விளிம்பும் ஒரே மாதிரி இருப்பது அவர் கண்ணில் பட ஒன்பது நிமிடம் ஆனது. பின்னால் தொங்கும் திரையின் மடிப்புகளில் அதே காதும் கண்ணும் ஒளிந்திருப்பது தெரிய முக்கால் மணி நேரம். பழகிய கண்ணுக்கே இந்தக் கதி, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு படத்துக்கு அரை நிமிடம்கூடக் கிடைத்திருக்காது.

பயன் உண்டா என்று கேட்டீர்களே. யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் இர்வின் பிரேவர்மன் மருத்துவ மாணவர்களைக் கலைக்கூடத்துக்கு அனுப்பி, ஓவியத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் விவரிக்கச் சொன்னார். ரசனை வளர்ப்பதெல்லாம் நோக்கமே இல்லை. அப்புறம் நோயாளிகளின் புகைப்படங்களைக் காட்டியபோது, பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலான விவரங்களைப் பிடித்தார்கள். 2001இல் அது ஆய்வாகவும் வெளிவந்தது. சோதனைக்குழாயில் நிறம் மாறுவதைப் பார்க்கிற கண்ணும் அதே கண்தானே?

அதுவும் நீங்கள் வேதியியல்காரர், கலைக்கூடம் உங்களுக்கு இன்னொரு ஆய்வகம் (எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் பொறாமைகூட). வான்கோவின் மஞ்சள் ஏன் பழுப்பேறுகிறது என்று கேளுங்கள். அது லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம், வெளிச்சம் பட்டு அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்குகிறது, இதற்கு மேல் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர்வண்ண ஓவியங்கள் இருக்கும் அறை மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேளுங்கள். வெளிச்சம் ஐம்பது லக்ஸுக்கு (அதை அளக்கும் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம், ஏனென்றால் வெளுத்த சாயம் திரும்பி வராது.

அடுத்த முறை பத்துப் பேராகக் கூட்டிப்போங்கள். ஆளுக்கு ஒரே படம், இருபது நிமிடம், அட்டையை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிட அனுமதி கேளுங்கள். பார்த்து முடித்ததும் அந்த அட்டையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று அவர்களே அறுபது வார்த்தைக்குள் எழுதட்டும். முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள், போன் பக்கம் கை போகும், நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். நீங்களும் ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள், ஆசிரியை காவலுக்கு நின்றால் அது மறுபடியும் தேர்வு அறை ஆகிவிடும்.

இன்னொன்று, இது பேராசை. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 1940இலிருந்து அருங்காட்சியகத்து ஓவியங்களை மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள், அசல் ஓவியங்களை. விடுதி அறைச் சுவரில் மாட்டி, காலையில் பல் தேய்க்கும்போதுகூடப் பார்க்கலாம், அதற்காக முந்தின நாள் இரவே வந்து வரிசையில் காத்துக் கிடந்தவர்களும் உண்டு. உங்கள் கலைக்கூடப் பொறுப்பாளரிடம் இதை உடனே கேட்காதீர்கள், மனிதர் பயந்துவிடுவார். அந்த அறுபது வார்த்தை அட்டைகளில் நல்லதாக நாலைந்து தேறினால் அவரிடம் காட்டிவிட்டுக் கேளுங்கள். எனக்கும் ஒன்றிரண்டு அனுப்புங்கள்.