மறுமொழி: மெட்டாரில் (விமான நிலைய வானிலை அறிக்கை) காற்று 240 என்று இருந்தும், சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே பொழிச்சலூர் பக்கம் ஒரு விமானமும் இறங்கவில்லையே?

தம்பி, நீங்கள் படித்த எண் சரிதான், பொருள்தான் தலைகீழாகிவிட்டது. அறிக்கையில் 24010 என்றால் காற்று 240 டிகிரியை நோக்கிப் போகிறது என்பதல்ல. 240-இலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, 10 நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தில் வருகிறது. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும், ஏறும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை 07/25. எண்ணோடு ஒரு சுழியம் சேர்த்தால் விமானத்தின் மூக்கு பார்க்கும் திசை: 070, 250. உங்கள் காற்றுக்கும் 250-க்கும் 10 டிகிரிதான் வித்தியாசம். பக்கக்காற்று, அதாவது ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் பங்கு, 2 நாட்கூட இல்லை. ஆகவே ஓடுபாதை 25. கடல் பக்கமிருந்து வந்து பரங்கிமலைப் பக்கம் இறங்குவார்கள், பொழிச்சலூர் பக்கம் ஏறுவார்கள். நீங்கள் பார்த்ததும் அதைத்தானே!

நேரத்தையும் கவனியுங்கள். அறிக்கையில் இருப்பது உலகப் பொது நேரம். 0330 என்றால் நமக்குக் காலை 9 மணி. இது ஏன் முக்கியம் என்றால், கோடையில் காலையில் மேற்குக் காற்று அடிக்கும், மதியத்துக்கு மேல் கடற்காற்று நுழைந்ததும் 110, 130 என்று திரும்பிவிடும். அப்போது 07-க்கு மாற்ற வாய்ப்பு அதிகம்; மாற்றினால் பொழிச்சலூர் பக்கமிருந்து இறங்குவார்கள். பழைய அறிக்கையை நம்பி வெயிலில் நிற்காதீர்கள். காற்று 3, 4 நாட் மட்டும் இருந்தால் கணக்கு உதவாது. போக்குவரத்து வசதிப்படி எந்தப் பக்கமும் கொடுப்பார்கள்.

கிளம்பும் முன் புது அறிக்கை பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் பொழிச்சலூரில் நல்ல படங்கள் கிடைக்கும்.