வெள்ளி நைட்ரேட் விட்டதும் இலைச்சாறு பால் போலக் கலங்குவது ஏன்?

இலைச்சாற்றில் வெள்ளி நைட்ரேட் விட்டு வெள்ளி நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்) செய்யப் பார்த்தபோது, பழுப்பாக மாறாமல் வெள்ளையாகக் கலங்குகிறது என்றீர்களே, அது நானோ துகள் இல்லை, பெரும்பாலும் வெள்ளி குளோரைடு. இலையைக் குழாய்த் தண்ணீரில் கொதிக்க வைத்திருந்தால் அதிலுள்ள குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்துக்கொண்டு வீழ்படிவாக இறங்கிவிடும், சில இலைகளிலேயே கூட குளோரைடு உண்டு.

காய்ச்சி வடித்த நீரில் கரைத்த 1 மில்லிமோலார் செறிவுள்ள வெள்ளி நைட்ரேட்டில் அந்தக் குழாய்த் தண்ணீரை மட்டும் சில சொட்டு விட்டுப் பாருங்கள். கலங்கினால் தண்ணீர்தான் காரணம். அப்புறம் வடித்த நீரிலேயே சாறு எடுங்கள், மஞ்சளாகிப் பழுப்பேறி, நிறமாலைமானியில் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) 400–450 நானோமீட்டரில் முகடு தெரிந்தால் நானோ துகள் உருவானதாகக் கொள்ளலாம்.

ஒன்று மட்டும்: பாக்டீரியா வளர்க்கும் தட்டில் இந்தக் கரைசலை விட்டுச் சோதிக்கையில், அதைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் தெரிந்தாலும் அதைப் புண்ணில் தடவிவிடாதீர்கள். துகளாக மாறாமல் மிச்சமிருக்கும் வெள்ளி அயனியே அந்த வளையத்தைத் தரலாம், அளவு கூடினால் புண்ணை ஆற்றும் தோல் செல்களும் சாகும்.